பொதுவில் கிடந்த கம்பி

நான் ஓய்வு பெற்ற வயர்மேன். சிரிக்காதீர்கள். முப்பது வயதைத் தொடாதவன் ஓய்வு பெறக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஏணியில் நாலு படிக்கு மேல் ஏறினால் எனக்குத் தலை சுற்றுகிறது. காதுக்குள் ஏதோ கோளாறு என்று சொன்ன டாக்டர், இனி ஏணிப் பக்கமே போகாதே என்றும் சொல்லிவிட்டார். ஏணி ஏறாத வயர்மேனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? அதனால் இப்போது மாமனாரின் பழக்கடையில் உட்கார்ந்து ஆரஞ்சு எடை போடுகிறேன்.

எங்கள் ஏரியா வயர்மேன்கள் சேர்ந்து ஆண்டு விழா மலர் போடுகிறார்கள். அதில் ஓய்வு பெற்றவர் ஒருவர் அனுபவம் எழுத வேண்டுமாம். தேடிப் பார்த்ததில் ஓசியில் எழுதித்தரத் தயாராக இருந்தவன் நான் ஒருவன்தான். கேட்க வந்தவர் சேகர் அண்ணன். எனக்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர், ஆனால் மீசை முழுக்க நரைத்துவிட்டது.

"மாப்ள, ஜூனியர் பயகளுக்கு உபயோகமா நாலு வார்த்தை எழுதிக் குடுறா."

"அண்ணே, நீங்கதாண்ணே எனக்கு ஜூனியர்."

"அதனாலதான்டா வந்து கேக்குறேன்."

இப்போது வருகிற பையன்கள் கையில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே கீ கீ என்று கத்துகிறது. கரண்ட் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். கரண்ட் இருந்தும் பல்பு ஏன் எரியவில்லை என்பதை அது சொல்லாது. அப்படி ஒரு விவகாரத்தைத்தான் எழுதப் போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அன்றைக்கு நான் நன்றாகக் குழம்பினேன். இன்றைக்கு எழுதும்போதும் பாதித் தெளிவில்தான் இருக்கிறேன். மீதி உங்களில் யாருக்காவது தெளிந்தால் பழக்கடைக்கு வந்து சொல்லவும், ஒரு ஆரஞ்சு இலவசம்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பத்தாம் வகுப்புதான் என்னை விட்டது என்று எங்கள் அம்மா சொல்வார். அதன் பிறகு சிக்கந்தர் பாயிடம் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சிமெண்டுத் தூசி எல்லா ஊரிலும் ஒரே ருசிதான்.

சிக்கந்தர் பாய் கிழவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவ்வளவுதான். பழைய மதுரைக்குள் வீடு. எவ்வளவு அழுக்கான வேலைக்கும் தேய்த்த சட்டையில்தான் வருவார், திரும்பும்போதும் அது தேய்த்தபடியே இருக்கும். எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் திரும்பும்போது என் முகமே தெரியாது.

அவரிடம் ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "சமீபத்துல சுவத்துல ஆணி அடிச்சீங்களா?" எல்லோரும் இல்லை என்பார்கள். பாய் சுவரைச் சுற்றிப் பார்ப்பார். புதுக் காலண்டர், புதுக் கண்ணாடி, கல்யாண போட்டோ ஏதாவது ஒன்று தொங்கும். அதைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். வீட்டுக்காரர் முகம் சுருங்கும். பாதிக் கோளாறு அங்கேயே முடிந்துவிடும்.

கரண்ட் பட்டால் பிடிக்குள் சின்ன விளக்கு எரியும் டெஸ்டரை அவர் நம்ப மாட்டார். கரண்ட் இருப்பது உறுதியான ஒரு இடத்தில் முதலில் அதை வைத்துப் பார்ப்பார். அப்புறம் சந்தேகப்பட்ட இடம். அப்புறம் மறுபடி முதல் இடம்.

"மூணாவது எதுக்கு பாய்? அதான் மொதல்லயே எரிஞ்சுதே?"

"நடுவுல டெஸ்டர் செத்திருந்தா, அடுத்து நீ செத்திருப்ப."

டெஸ்டருக்கு மேல் அவர் நம்பியது டெஸ்ட் லேம்பை. ஒரு ஹோல்டர், அதில் ஒரு குண்டு பல்பு, ஹோல்டரிலிருந்து நீளமாக இரண்டு வயர். ஒரு வயரைக் கரண்ட் வரும் கம்பியிலும் இன்னொன்றைத் திரும்பிப் போகும் கம்பியிலும் வைக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் எரியும். நான் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் கவனித்தால்தான் முகத்தில் வெளிச்சம் வரும்.

கரண்ட் வரும் கம்பிக்கு ஃபேஸ் என்று பெயர், திரும்பிப் போகும் கம்பிக்கு நியூட்ரல். இதைக் கற்றுக்கொண்ட அன்றே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு வீட்டின் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பாய், ஒரு கம்பியில வருது, இன்னொண்ணுல போகுது. வந்தது அம்புட்டும் திரும்பிப் போகுதுன்னு நீங்கதான் சொன்னீக. அப்ப பல்பு எதைத் தின்னு எரியுது? எதுக்குப் பில்லு வாங்குறாக?"

பாய் கையில் சோற்று உருண்டையோடு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு பாய்."

"அப்பப் போயி காடி வெட்டு."

அவருக்கும் தெரியாது என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் வேலைக்குப் போக வேண்டுமே.

விளாங்குடியில் ஒரு வீடு. அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமானது, நடுவில் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இடது பக்கம் அண்ணன் மனைவி தேவகியக்கா. பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். வலது பக்கம் தம்பி மனைவி சுமதியக்கா. தெர்மோகோல் பெட்டிக்குள் நாலு குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், சூடு ஏறினால் அணைத்துக் குறைந்தால் எரியவைக்கும் ஒரு சின்னக் கருவி, இவற்றை வைத்துக் கோழிக்குஞ்சு பொரிக்கிறவர். அலங்காநல்லூர்ப் பக்கம் சேவல் வளர்க்கிறவர்கள் நல்ல சாதி முட்டைகளை இவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குஞ்சாக வாங்கிப் போவார்கள். அண்ணன் மினிபஸ் ஓட்டப் போய்விடுவார், தம்பிக்குத் திருப்பூரில் வேலை. ஓரகத்திகள் இருவரும் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்ந்தார்கள்.

எங்களைக் கூப்பிட்டது சுமதியக்கா. போனதும் பாய் தன் கேள்வியைக் கேட்டார்.

"ஆணி ஏதும் அடிச்சீங்களாம்மா?"

"ஆணியும் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல பாய். ரெண்டு ஈடு முட்டை செத்துப் போச்சு. பல்பு ஒரு நேரம் கண்ணு கூசுற மாதிரி எரியுது, பட்டுன்னு ஃபியூஸ் போயிருது. இன்னொரு நேரம் உள்ள சிவப்பா கம்பி மட்டுந்தான் தெரியுது. முட்டை சில்லுன்னு ஆயிருது. யாரு செய்யுறான்னு எனக்குத் தெரியும்."

"யாருக்கா?" என்றேன்.

சுவரைக் கண்ணால் காட்டினார். "அவுக கிரைண்டரைப் போட்டா என் பல்பு பளிச்சுன்னு எரியுது. அவுக அமத்துனா என் பல்பு மங்குது. என்னமோ செஞ்சு வச்சிருக்காக."

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, அடுத்த வீட்ல மோட்டார் போட்டா நம்ம வெளிச்சம் கொறையும். ஏறாது. அவுக கிரைண்டர் மாவு அரைக்குதா, கரண்டு அரைக்குதா?"

"நீ சிரிக்காத. நான் ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

பாயும் தலையை ஆட்டினார். சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. டெஸ்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையை வைத்தார், நன்றாக எரிந்தது. ஹோல்டர்களை மாற்றினார், பிளக்கை மாற்றினார். எல்லாம் சரியாக இருந்தது. கிளம்பும்போது சுமதியக்கா மெதுவாகச் சொன்னார்.

"பாய், நேத்துத்தான் புது முட்டை வச்சிருக்கேன். இதுவும் செத்துச்சுன்னா இனிமே ஒருத்தரும் என் வாசல்ல முட்டையோட வந்து நிக்க மாட்டாக. அப்புறம் நானும் திருப்பூருக்கு மில்லு வேலைக்குப் போக வேண்டியதுதான். எனக்கு இந்த வேலைதான் பிடிச்சிருக்கு."

வண்டியில் வரும்போது பாய், "எல்லாம் சரியாத்தான்டா இருக்கு" என்றார். அதை ஆரப்பாளையம் வரும்வரை நாலைந்து தடவை சொன்னார். சரியாக இருக்கிற ஒன்றை ஒருவர் அத்தனை தடவை சொல்ல மாட்டார்.

அந்த முட்டைகள் பொரிவதற்குள் மறுபடி இரண்டு தடவை போனோம். ஒரு தடவை சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலுமே டெஸ்டர் எரிந்தது. ஒன்றில் எரிய வேண்டும், இன்னொன்றில் எரியக் கூடாது. இரண்டிலும் எரிந்தால் என்ன அர்த்தம்? "டபுள் கரண்டு பாய், அக்காவுக்கு யோகம்" என்றேன். பாய் டெஸ்டரை நல்ல இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதற்குள் ஒரு ஓட்டையில் எரிவது நின்றுவிட்டது. "மழை பெஞ்ச ஈரம். சுவரு கசியுது" என்றார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை.

நாங்கள் உள்ளே இருந்தபோதே வெளியில் தேவகியக்கா குரல் கேட்டது. "பாய், அங்க வேலை முடிஞ்சா இங்கயும் எட்டிப் பாருங்க. எல்.இ.டி பல்பு வாங்கி மாட்டுறேன், வாங்கி மாட்டுறேன், வெடிச்சுக்கிட்டே இருக்கு. ஃப்ரிட்ஜும் போச்சு. அவ அந்தப் பெட்டியை வச்ச நாள்ல இருந்துதான் இம்புட்டும்."

ஆக, அந்த வீட்டுக்கு இவர் காரணம், இந்த வீட்டுக்கு அவர் காரணம். இரண்டுக்கும் மீட்டர் வேறு, ஃபேஸ் வேறு. என் பத்தாம் வகுப்பு மூளைக்கு இது கண்ணு போட்டதாகத்தான் தெரிந்தது. "பாய், ரெண்டு பக்கமும் பூசணிக்காய் கட்டிவிட்டுப் போயிருவமா?" என்றேன். முறைத்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் சுமதியக்கா போன்.

"மாரி, ரெண்டு பல்பு வெடிச்சிருச்சுடா. புதுசு மாட்டியிருக்கேன், அதுவும் தீயா எரியுது. இன்னைக்கோ நாளைக்கோ குஞ்சு வரணும். பாயைக் கூட்டிக்கிட்டு ஓடி வா."

"இந்தா வாரோம்க்கா."

போனபோது ஓரகத்திகள் இருவரும் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லை என்பது சண்டைக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

"நான் கிரைண்டர் போட்டா இவ முட்டை சாகுதாம், கேட்டீகளா பாய்?" என்றார் தேவகியக்கா. கையெல்லாம் மாவு. "என் கிரைண்டரு, என் மீட்டரு, என் பில்லு. இவளுக்கு என்னவாம்?"

"வேணும்னே போடுறாக பாய். நாளு பாத்துப் போடுறாக."

"ஏய், தினம் அரைக்கிறவடி நான்! கடைக்காரன் உன் முட்டைக்காகக் காத்திருப்பானா? சரி, உனக்கு இப்ப என்ன வேணும்? நான் கரண்டே எடுக்கல, போதுமா? இந்தா பாரு."

விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் வீட்டு மெயின் சுவிட்சை டக்கென்று இறக்கினார். கிரைண்டர் நின்றது. அதே நொடியில் சுவருக்கு இந்தப் பக்கம் சுமதியக்காவின் பெட்டியும் இருண்டது. சின்ன ஃபேன் இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

"பாத்தீகளா?" சுமதியக்கா பெட்டியைக் காட்டினார். "இப்பவாச்சும் நம்புறீகளா? அவுக அமத்துனா எனக்குப் போகுது. என் வீட்டுக் கரண்டுக்குச் சாவி அவுக கையில இருக்கு."

தேவகியக்கா சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் வாசல் வழியாக எங்களைப் பார்த்தார். மாவு ஒட்டிய முகத்தில் பயம் தெரிந்தது. "நான் என் வீட்டதான்டி அமத்துனேன். சத்தியமா என் வீட்டதான்."

பாய் மீட்டர்களைப் பார்த்தார். தனித்தனி. ஃபேஸ் கம்பிகளைத் தடவிக்கொண்டே போனார். தனித்தனி. சுமதியக்காவின் சாக்கெட்டில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. அடுத்த ஓட்டையிலும் எரிந்தது. இந்தத் தடவை அணையவில்லை. மாப்பிள்ளையை இரண்டு ஓட்டைக்கும் குறுக்கே வைத்தார். இருட்டு. கரண்ட் இருக்கிறது, பல்பு நல்ல பல்பு, எரியவில்லை. பாயின் தேய்த்த சட்டை முதுகில் நனைந்து ஒட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குக் குழப்பம் முற்றினால் வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, பங்கு பிரிச்சும் பிரிக்காம கெடக்குறீகளோ? அவுக மெயினைப் போட்டாத்தான் உங்க வீட்ல வெளக்கு எரியும்போல. உங்க கரண்டு அவுக வீட்டுக்குப் போயி, சாப்பிட்டு, சொல்லிட்டுத்தான் திரும்புது."

"டேய்" என்றார் பாய்.

அடி விழப்போகிறது என்று நினைத்து ஒரு எட்டுப் பின்னால் போனேன்.

"இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு."

"சும்மா கிண்டலுக்கு பாய்..."

"கிண்டலைத்தான்டா திருப்பிச் சொல்லச் சொல்லுறேன்."

சொன்னேன். பாய் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தேவகியக்காவைப் பார்த்து, "அக்கா, கிரைண்டர், மத்த சுவிட்சு எல்லாத்தையும் அமத்திட்டு மெயினை மட்டும் போடுங்க" என்றார். போட்டார். பெட்டி எரியவில்லை. "இப்ப ஒரு சின்ன பல்பை மட்டும்." போட்டார். சுமதியக்காவின் நாலு பல்புக்குள்ளும் சிவப்பாக ஒரு இழை தெரிந்தது, அந்தப் பக்கம் தேவகியக்காவின் சின்ன பல்பு பளீரென்று எரிந்து செத்தது. "இப்ப அயர்ன் பாக்ஸை ஒரே ஒரு நொடி." இந்தப் பக்கம் நாலு பல்பும் வெள்ளையாகச் சீறின. "அமத்துங்க, அமத்துங்க!"

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"யா அல்லா. நியூட்ரல் அறுந்து கெடக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே நியூட்ரலு." சுமதியக்காவை நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா வீட்டைப் பிரிச்சப்ப வயரிங் செஞ்சது?"

"யாரோ ஒரு ஆளு வந்தாரு. சின்ன மாமாதான் பக்கத்துல நின்னு பங்கு சொன்னாரு. மீட்டரு ஆளுக்கொண்ணு, கரண்டு கம்பி ஆளுக்கொண்ணு. இந்தக் கறுப்புக் கம்பியை மட்டும், 'இது சும்மா கம்பி, தொட்டாக்கூட அடிக்காது, இதுக்கு எதுக்குப் பங்கு'ன்னு தொட்டே காமிச்சாரு. கெணறும் நடபாதையும் பொதுவுல கெடக்குற மாதிரி இதுவும் பொதுவுல கெடக்கட்டும்னுட்டாரு."

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்குத் தெரியும். பிரிக்க முடியாததைப் பொதுவில் விடுவார்கள். கிணற்றில் இவர் இறைத்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது. அந்த மாமா நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார்.

பாய் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு ஃபேஸ். அவை இரண்டுக்கும் நடுவில் நானூறு வோல்ட் நிற்கிறது. நியூட்ரல் ஒழுங்காக இருந்தால் ஆளுக்கு இருநூற்றுச் சொச்சம் என்று கட்டுப்பாடாக நிற்கும். நியூட்ரல் மீட்டர் பக்கம் விட்டுப்போய், வீட்டுக்குள் மட்டும் இணைந்து கிடந்தால், சுமதியக்கா பல்பு வழியாகப் போகும் கரண்டுக்குத் திரும்பும் வழி தேவகியக்காவின் கிரைண்டர்தான். நானூறையும் இரண்டு வீடும் இழுத்துப் பறித்துக்கொள்ளும். அதில் அதிகம் வேலை வாங்குகிற வீட்டுக்குக் குறைவாகக் கிடைக்கும், சும்மா இருக்கிற வீட்டில் அதிகமாகப் பாயும்.

"அது எப்படி பாய்?" என்றார் தேவகியக்கா. "வேலை செய்யுறவளுக்குக் கம்மி, சும்மா இருக்குறவளுக்கு ஜாஸ்தியா? இது என்ன நியாயம்?"

"நியாயம் இல்லக்கா, இது கரண்டு" என்றேன்.

இத்தனை நாள் அந்த இணைப்பு லூசாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் போகும்போது ஒட்டிக்கொள்ளும், திரும்பி வந்த பிறகு விட்டுப்போகும். அன்றைக்கு முழுதாகக் கைவிட்டுவிட்டது. இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்ததும் அதனால்தான்: திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் நியூட்ரலிலேயே வந்து நின்றிருக்கிறது.

தேவகியக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. "அது சும்மா கம்பிதானே பாய்? அடிக்காத கம்பியில அப்படி என்னதான் இருக்கு?"

பாய் எழுந்து அவருடைய கிரைண்டருக்குப் போனார். அடியில் மோட்டாரையும் கல்லையும் சுற்றி ஓடும் பெல்ட்டைக் காட்டினார். "இந்தப் பக்கம் கல்லை இழுக்குது. அந்தப் பக்கம் சும்மா திரும்பி வருது. சும்மாதானே வருதுன்னு அந்தப் பக்கத்தை அறுத்துவிட்டா?"

"கல்லு நிண்டுரும்."

"பெல்ட்டு தேஞ்சா போச்சு? போனது அம்புட்டும் திரும்பி வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா மாவு அரைஞ்சிருச்சுல்ல?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மொட்டை மாடியில் நான் கேட்டதற்கு இத்தனை வருடம் கழித்து மாவுக் கிரைண்டரடியில் பதில் வருகிறது. கம்பி, பெல்ட் மாதிரி சுற்றி இழுக்கிறது. பல்பு சாப்பிடுவது பெல்ட்டை இல்லை, இழுப்பை. மீட்டர் அந்த இழுப்புக்குத்தான் கணக்கு எழுதுகிறது. புரிந்தது. வெளியே வந்ததும் பாதி மறந்துவிட்டது.

"பாய், இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு எனக்கு யாருடா சொன்னா?" என்றார் பாய். அவர் முகத்திலும் இப்போதுதான் கேட்டவர் போல ஒரு திகைப்பு.

பேச நேரமில்லை. பழைய பொதுக் கம்பியைத் துண்டித்து, மீட்டரிலிருந்து ஆளுக்கு ஒரு நியூட்ரல் புதிதாக இழுக்க வேண்டும். அதுவரை இரண்டு வீட்டுக்கும் கரண்ட் கிடையாது. பெட்டிக்குள் முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

பாய் இரண்டு மெயினையும் இறக்கினார். இரண்டு வீட்டு ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இது அவர் முறை. சுவிட்சை எவராவது மறந்து போட்டாலும் கட்டை அவர் பையில் இருக்கும். டெஸ்டரைத் தெருவில் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்து, இங்கே வைத்து, மறுபடி அங்கே ஓடிப் பார்த்து வந்தார். புறங்கையால் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் ஏணியில் ஏறினார்.

"மாப்ள, நீ முட்டையைப் பாரு."

"நான் வயர்மேனா, கோழியா பாய்?"

"இப்போதைக்குக் கோழி. ஒக்காரு."

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுமதியக்கா பழைய கம்பளியைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றினார். மேலே துணியைப் போர்த்தினார். துணிக்கடியில் கையை விட்டு ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறுதுடா."

வாசலில் நிழல் விழுந்தது. தேவகியக்கா, இரண்டு கையிலும் துண்டு சுற்றிய பாட்டில்கள். அடுப்பில் வெந்நீர் போட்டு ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார். வாசல்படியைத் தாண்டவில்லை.

"ஏலே மாரி, இதை வாங்கி உள்ள வையி. அந்த வீட்டுக்காரம்மாட்டக் கேளு, இம்புட்டுச் சூடு போதுமான்னு."

சுமதியக்கா ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். நான் திரும்பினேன். "அக்கா, சூடு போதுமான்னு கேக்குறாக."

"கொஞ்சம் அதிகம்னு சொல்லு. இன்னொரு துண்டு சுத்தணும்."

"அக்கா, கொஞ்சம் அதிகமாம். இன்னொரு துண்டு."

தேவகியக்கா இடுப்பில் செருகியிருந்த துண்டை உருவி என் மேல் எறிந்தார். சுற்றி வைத்தோம். தண்ணீர் ஆறியதும் போய் மாற்றிக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவை வந்தபோது படியைத் தாண்டி உள்ளே வந்து பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"மாரி, அவட்டக் கேளு, போன தடவை எத்தனை செத்துச்சுன்னு."

"எல்லாமேன்னு சொல்லு."

"எல்லாமேங்குறாக அக்கா."

தேவகியக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நான் அம்புட்டுத் தூரத்துக்கு நெனைக்கலன்னு சொல்லு."

"நெனைக்கலையாம்."

"என் பெட்டியாலதான் அவுக ஃப்ரிட்ஜ் போச்சுன்னு எனக்கும் தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதாம். ஏங்க்கா, எனக்குத் தொண்டை வத்துது. ரெண்டு பேரும் சேந்து ஒரு டீயாவது போட்டுக் குடுங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. மேலே பாய் பழைய இணைப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தார். கருகிய நாற்றம் அறைக்குள் இறங்கியது. கறுப்பாகப் பொசுங்கிய ஒரு துண்டு தரையில் வந்து விழுந்தது. இரண்டு பெண்களும் அதையே பார்த்தார்கள். கட்டைவிரல் அளவு கூட இல்லை.

பாய் புது வயரை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சுமதியக்கா துணிக்குள் கையை விடுவதை நிறுத்திவிட்டார். தொட்டுப் பார்க்கவே பயந்துவிட்டார் என்று தோன்றியது. முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவர் பையை எடுத்துவைத்துத் திருப்பூர் பஸ்ஸைத் தேடத் தொடங்கிவிட்ட மாதிரி இருந்தது முகம். எனக்கும் கிண்டல் எதுவும் வரவில்லை, அது எனக்கே புதிதாக இருந்தது.

தேவகியக்காதான் பாட்டிலைத் திருப்பி வைக்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். காதைத் துணியோடு ஒட்டினார்.

"மாரி."

"என்னக்கா?"

"அவட்டச் சொல்லு. உள்ள ஏதோ..." மறுபடி காதை வைத்தார். "சத்தம் கேக்குதுடா."

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதியக்கா தவழ்ந்து பெட்டிக்கு வந்துவிட்டார். துணியை விலக்கினார். ஒரு முட்டையின் ஓட்டில் ஊசி முனை அளவு ஒரு விரிசல். உள்ளேயிருந்து கீச் என்று மெல்லிசாக ஒரு குரல். இன்னொரு முட்டையிலிருந்து அதற்குப் பதில் போல இன்னொன்று.

"எதுலக்கா? இதுலயா, அதுலயா?"

"ரெண்டுலயும்டி. மூடு, மூடு, காத்துப் படுது. அந்த ஓரத்துல பாட்டிலைத் தள்ளி வையி."

"இங்கயாக்கா?"

"அங்கதான். கையை எடு, நான் பிடிச்சிருக்கேன்."

இரண்டு தலையும் கம்பளிக்குள் போய்விட்டன. என்னை யாரும் கவனிக்கவில்லை. ஏணியிலிருந்து பாய் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ் கட்டைகளை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"மாப்ள, முடிஞ்சுது. மெயினைப் போடட்டா?"

"ஒரு நிமிசம் இருங்க பாய்."

"ஏன்டா, என்ன ஆச்சு?"

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காக."